துரத்தியவருக்கு நன்றி

பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்பிய பிரின்சிபாலைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்த பைத்தியக்காரி உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று ரப்பர் அக்கா நினைத்துக்கொண்டாள். அப்படியெல்லாம் இல்லை. அந்த ஒரு வாரத்தில் அதே அறையிலிருந்து அதே நன்றியைச் சொல்லிவிட்டுப் பல வீட்டார் வெளியே வந்திருந்தார்கள். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேடம் திட்டியிருந்தால் தேவலை. திட்டினால் திருப்பித் திட்டத் தெரிந்தவள்தான் அவள். தண்ணீர் லாரிக்காரனிலிருந்து வீட்டுக்காரர் வரைக்கும் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆனால் மேடம் டீ கொடுத்துவிட்டார். "உக்காருங்கம்மா, நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று மெத்தை நாற்காலியைக் காட்டி, மணி அடித்து, தட்டில் வைத்த கோப்பையில் டீ வரவழைத்துவிட்டார். அந்தக் கோப்பையின் காது எத்தனை சின்னது! விரல் நுழையாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நாற்காலி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

"உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணும்மா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு. ஆனா பாருங்க, கணக்கு வரல. சயின்ஸும் தட்டுத் தடுமாறித்தான். பொதுத் தேர்வு எழுதி ஃபெயிலாயிட்டா அவ மனசு ஒடஞ்சு போயிடாதா? நீங்களே சொல்லுங்க."

"ஆமாங்க மேடம்."

"அதனால இப்பவே டி.சி. வாங்கிக்குங்க. வெளிய ஏதாவது டுடோரியல்ல சேத்து, அடுத்த வருஷம் நிதானமா எழுதட்டும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். எனக்கென்ன வந்துது?"

"பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கே மேடம். நான் வேணா வீட்ல கூட உக்காந்து..."

மேடம் சிரித்தார். கோபமில்லாத, இரக்கமான சிரிப்பு. "வீட்ல சொல்லிக்குடுக்க யாரும்மா இருக்கா?"

யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் லாரியோடு எந்த ஊரில் இருக்கிறார் என்பதே போன் வந்தால்தான் தெரியும். அவளோ பாதிப் படிப்பில் நின்றவள். கம்ப்யூட்டரையே பேனர் கடையில் சேர்ந்த பிறகுதான், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டாள். எழுந்தாள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கை தானாகக் கூம்பியது. வாய் தானாக அந்த வார்த்தையைச் சொன்னது.

மேடம் கேட்டதற்குப் பதில் வந்தது, ஆனால் பஸ்ஸில் வந்தது. பாதி வழியில், ஒரு குலுக்கலில், தெளிவாக வந்தது. "சொல்லிக்குடுக்கத்தானே உன்கிட்ட அனுப்பினேன்!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள்.

வீட்டில் அவள் மகள் நெட்டை, யூனிஃபார்மைக் கழற்றித் துவைத்து, காய்ந்ததும் மடித்து, பழந்துணி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டாள். நெட்டை என்றுதான் பள்ளியிலும் தெருவிலும் பெயர். வயதுக்கு மீறி வளர்ந்தவள். கதவு நிலையில் தலை இடிக்காமல் ஒரு நாள் போகாது. இடித்துவிட்டு நிலைக்கே "சாரி" சொல்லுகிற பெண். படிப்பில் சுமார்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. சுமாராகப் படிக்கிற பிள்ளைக்குத்தானே பள்ளிக்கூடம் வேண்டும்? எல்லாம் தெரிந்த பிள்ளைக்கு எதற்கு வாத்தியார்?

"நான் மக்குதானேம்மா" என்றாள் நெட்டை, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"எவ சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் டி.சி. குடுத்துட்டாங்களே."

பத்து வருடம் அந்த வாசலில் கொண்டுபோய் விட்ட பிள்ளை. கடைசியில் அது உருப்படியாகக் கற்றுக்கொண்டு வந்த பாடம் இதுதான், தான் மக்கு என்பது. இதில் முழு மார்க். இதைச் சொல்லிக்கொடுக்க மட்டும் அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

"கிளாஸ்ல எல்லாரும் உன்னைவிட நல்லா படிக்கிறாங்களா?"

"டாக்டர் வீட்டுப் பையன் என்னைவிடக் கம்மிதான். ஆனா அவனுக்குத் தினமும் சாயங்காலம் கணக்கு சாரே தனியா உக்கார வச்சுச் சொல்லித் தர்றார். மேடம்தான் சொன்னாங்களாம்."

வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னாள். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது. "விடு. பொட்டப்புள்ளதானே. தையல் கிளாஸ்ல போட்டுடலாம்" என்றார். "நீங்களும் அந்தக் கட்சிதானா? வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவள் பயமெல்லாம் அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான். தேர்வு எழுதப்போகிறவர்கள் பெயர்களை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்று நெட்டை சொல்லியிருந்தாள். அதற்குள் பெயர் ஏறினால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த வருடம். அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று வெளியே வந்த பெண்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர். ஒருத்தி துணிக்கடையில் பில் போடுகிறாள், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகி இடுப்பில் குழந்தை, ஒருத்தி பேனர் கடையில் உட்கார்ந்து ரப்பர் அக்கா என்று பெயர் வாங்கியிருக்கிறாள். எழுதியவள் ஒருத்தியும் இல்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், அழிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணப் போட்டோவிலிருந்து சண்டை போட்டுப் போன மருமகனைத் தூக்க வேண்டுமா? அவளிடம்தான் வருவார்கள். இறந்துபோன அப்பாவை மகள் கல்யாணத்தில் நிற்க வைக்க வேண்டுமா, மூடின கண்ணைத் திறக்க வேண்டுமா, மாமனார் தலையில் முடி முளைக்க வேண்டுமா, எல்லாம் அவள் மவுஸ் முனையில் நடக்கும். "ஊர்ல பாதிக் குடும்பச் சண்டை நம்ம கடையிலதான் தீருது" என்று முதலாளி பெருமையாகச் சொல்லுவார். தூக்கின இடத்தில் பின்னால் இருக்கும் சுவரை இழுத்து மூடி, பக்கத்தில் நிற்பவர்களைக் கொஞ்சம் நெருக்கி, அங்கே ஒரு ஆள் நின்றதாகத் தாயாரே சத்தியம் செய்தாலும் நம்ப முடியாதபடி செய்துவிடுவாள்.

அந்த வார நடுவில், வாசனை முதலில் கடைக்குள் வந்தது. பின்னால் ஆள் வந்தார். பள்ளிக்கூட மேனேஜர். வருடா வருடம் பேனர் அடிக்க வருகிறவர். கடையில் அவருக்குச் சென்ட் சார் என்று பெயர். மை வாடையும் புது பேனர்த் துணியின் வாடையும் கலந்து எப்போதும் மூக்கை அடைக்கிற கடையையே அவர் சென்ட் ஜெயித்துவிடும்.

"சனிக்கிழமை அட்மிஷன் ஆரம்பிக்குது. கேட்டை மறைக்கிற மாதிரி பெரிசா ஒண்ணு வேணும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, பென் டிரைவை அவளிடம் நீட்டினார். அவள் யாருடைய அம்மா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அம்மாக்களின் வரிசையில் அவள் எங்கே இருந்தாள்?

திரையில் படம் விரிந்தது. வருடத் தொடக்கத்தில் எடுத்த வகுப்புப் போட்டோ. நடுவில் மேடம், பக்கத்தில் டாக்டர் வீட்டுப் பையன், பின்வரிசையில் எல்லோருக்கும் மேலே ஒரு தலை. நெட்டை. முன்னால் நிற்கும் கூட்டாளி சோடாபுட்டியின் தோளில் கை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சென்ட் சார் பேனா மூடியால் திரையைத் தட்டினார். "இந்த நெட்டையா நிக்கற பொண்ணு இருக்கில்ல, முதல்ல இதைத் தூக்கிடும்மா. அப்புறம் இது, இது, இந்த ரெண்டு பேரு, அந்த மூலைல ரெண்டு. மொத்தம் ஏழு. தூக்குன அடையாளமே தெரியக் கூடாது."

"ஏன் சார்?" என்று எப்படியோ கேட்டாள்.

"இப்ப எங்க பசங்க இல்ல, அதான். மேல பெரிய எழுத்துல போட்டுக்க: 'தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி! இந்த ஆண்டின் வெற்றிப் படை இதோ!'"

"பரீட்சை இன்னும் நடக்கவே இல்லையே சார்."

சென்ட் சாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நடக்கணும்னு என்னம்மா இருக்கு? அதான் வடிகட்டியாச்சே! இனிமே இதுல இருக்கறதெல்லாம் தூங்கிட்டு எழுதினாலும் பாஸு." முதலாளியும் கூடச் சேர்ந்து சிரித்தார். பெரிய வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்க வேண்டும், அது வியாபாரம்.

வடிகட்டியாச்சாம். மேடத்தின் இரக்கமான சிரிப்பு, டீ, அவ மனசு ஒடஞ்சு போயிடாதா என்ற கரிசனம், எல்லாவற்றுக்கும் அர்த்தம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. நெட்டையின் மனசு ஒடியும் என்று எவரும் கவலைப்படவில்லை. பேனரில் நூறு என்பது தொண்ணூற்றுச் சொச்சமாகிவிடும் என்றுதான் கவலைப்பட்டிருக்கிறார்கள். அடப்பாவிகளா! அதற்கு நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேனே! அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அவர் போன பிறகு வேலையை ஆரம்பித்தாள். வேலை வேலைதானே. மற்ற ஆறு பேரையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூட விழாக்களில், வாசலில், பஸ் நிறுத்தத்தில் பார்த்த முகங்கள். அயர்ன் கடைக்காரர் மகன். வேன் டிரைவர் பெண். மூலையில் நிற்கிற இரட்டையர் இருவரும் அந்தப் பள்ளிக்கூடத்தையே பெருக்கித் துடைக்கிற அம்மாவின் பிள்ளைகள். தாய் உள்ளே துடைப்பம் பிடிக்கலாம், பிள்ளைகள் உள்ளே புத்தகம் பிடிக்கக் கூடாது. ஏழு பேர் வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. டாக்டர் வீட்டில் இருக்கிறார்கள், அதனால் அவனுக்குப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்கிறது. இல்லாதவன் வீட்டில் இல்லை, அதனால் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்காதாம். என்ன ஒரு நியாயம்! இந்த நியாயத்தைக் கண்டுபிடிக்க எத்தனை படித்திருக்க வேண்டும்!

ஆறு பேரையும் எடுத்தாள். சுவரை இழுத்து மூடினாள். கடைசியில் நெட்டை. தலை போனது, சிரிப்புப் போனது, தோள் போனது. எல்லாம் போன பிறகு, சோடாபுட்டியின் தோளில் அந்தக் கை மட்டும் மிஞ்சியது. விரல்கள் விரிந்து, நகத்தில் பேனா மையோடு. அந்த இடத்தில் சட்டை மடிப்பை வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை. அவள் மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையைப் பிடித்துத்தான் முதல் நாள் அந்த கேட்டுக்குள் கொண்டுபோய் விட்டாள். அன்றைக்கு விடமாட்டேன் என்று அவளைப் பற்றிக்கொண்டதும் இதே கைதான்.

அழித்தாள். அடையாளமே தெரியவில்லை. அந்தப் படத்தைச் சென்ட் சாரின் போனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் "சூப்பர், ஓகே" என்று பதில் வந்தது.

பிறகு பழைய படத்தை மறுபடி திறந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இந்த முறை ஏழு பேரையும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தாள், ஆனால் எதையும் மூடவில்லை. சுவரை இழுக்கவில்லை, யாரையும் நெருக்கவில்லை. தலை, கழுத்து, தோள், எல்லாம் அப்படியே வெறும் வெள்ளையாக நின்றன. சோடாபுட்டியின் தோளில் கையை மட்டும் விட்டுவைத்தாள். அதை மெஷினுக்கு அனுப்பினாள். வெள்ளைக்கு மை கிடையாது. மெஷின் மற்ற எல்லோரையும் வரி வரியாகத் தெளித்துக்கொண்டே வந்து, அந்த ஏழு இடங்களில் மட்டும் ஒன்றும் தெளிக்காமல் சும்மா கடந்து போனது. பேனர் காய்ந்ததும் சுருட்டிக் கட்டி, வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டுகிறவர்களிடம் அவளே கொடுத்து அனுப்பினாள். வேலை போகும் என்று தெரியும். போகட்டும் என்றிருந்தது.

சனிக்கிழமை காலையில் பழந்துணி மூட்டைக்கு அடியிலிருந்து யூனிஃபார்மை உருவினாள். "போட்டுக்கடி."

"எனக்குத்தான் டி.சி. குடுத்துட்டாங்களேம்மா."

"டி.சி. அவங்க குடுத்தது. துணி நான் வாங்கித் தெச்சது. போடு சொல்றேன்."

பள்ளிக்கூடத் தெரு முழுக்க வரிசை. விடிவதற்குள் வந்து இடம் பிடித்தவர்கள், பிள்ளையைத் தோளில் தூங்கப் போட்டவர்கள், பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்லச் சொல்லிக் கடைசி நேரத்தில் ஒத்திகை பார்ப்பவர்கள். கேட்டுக்கு மேலே பேனர் விறைப்பாகத் தொங்கியது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. மேடம் சிரிக்கிறார். டாக்டர் வீட்டுப் பையன் சிரிக்கிறான். பின்வரிசையில் ஏழு வெள்ளை ஆட்கள் நிற்கிறார்கள், முகமில்லாமல்.

நெட்டை அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். "அம்மா, அது என் கை."

"ஆமா. உன் கைதான்."

ரப்பர் அக்கா எதிர்பார்த்தது என்னவென்றால், ஜனங்கள் பார்ப்பார்கள், கேட்பார்கள், கொதிப்பார்கள். பார்த்தார்கள், கேட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பெண், "அது என்னங்க வெள்ளை வெள்ளையா?" என்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். மெக்கானிக் போல, நகக்கண்ணில் கிரீஸ், கழுவியும் போகாத கறுப்பு. தோளில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"படிக்காததுங்களை நடுவுலயே அனுப்பிடுவாங்களாம். அதைத்தான் அப்படிக் காட்டியிருக்காங்க போல. ஸ்ட்ரிக்ட்டான ஸ்கூல்ங்க. அதான் ரிசல்ட் இப்படி வருது."

"அப்ப நல்ல ஸ்கூல்தான்" என்றாள் அந்தப் பெண். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் இன்னும் நெருக்கி நின்றார்கள்.

ரப்பர் அக்கா பேனரை மறுபடி அண்ணாந்து பார்த்தாள். இதற்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் பயந்தாள்? அழித்ததையே அவர்களுக்கு விளம்பரமாக அடித்துக் கொடுத்திருக்கிறாளா? மேடத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி இந்த மெக்கானிக் மேல் பாய்ந்தது. நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல இந்தக் குழந்தைக்குச் சொல்லிக்குடுக்க யாரு இருக்கா?"

அவர் பின்வாங்கினார். "யாரு இருக்கா? நான் எட்டாவது. அவ அம்மா அதுவும் இல்ல. சொல்லிக்குடுக்கத்தானேங்க இங்க கொண்டாந்து சேக்கறோம்?"

பஸ்ஸில் அவள் கத்திய அதே வார்த்தை. அவர் மேல் பாய்ந்த கோபம் அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. இவனும் நானும் ஒன்று. இவனுக்கு இன்னும் டீ கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். குரல் உடைந்தது, உடைந்தாலும் தெரு முழுக்கக் கேட்டது. "அதோ அந்த உசரமான வெள்ளை இருக்கே, அது எம்பொண்ணு. இதோ நிக்கறா பாருங்க. பத்து வருஷம் இங்கதான் படிச்சா. கணக்கு வரலன்னு பரீட்சைக்கு முன்னாடி தொரத்திட்டாங்க. பக்கத்து வெள்ளை அயர்ன்காரர் பையன். மூலைல ரெண்டு வெள்ளை இருக்கே, அதுங்க அம்மாதான் நீங்க நிக்கற இந்த வாசலைக் காலைல பெருக்குச்சு. எம்பொண்ணை விடக் கம்மி மார்க் எடுத்தவன் மேடம் பக்கத்துல உக்காந்திருக்கான், அவங்கப்பா டாக்டர். ஃபெயிலாக விடாம சொல்லிக்குடுத்து நூறு வாங்கல இவங்க. ஃபெயிலாவாங்கன்னு தோணுறவங்களை அழிச்சிட்டு நூறு வாங்கறாங்க. உங்க பொண்ணு எந்த வரிசைல நிப்பான்னு உங்களுக்கே தெரியும். போய்ச் சேருங்க!"

மெக்கானிக் பேனரைப் பார்த்தார். பிறகு நெட்டையைப் பார்த்தார். நெட்டை வெட்கம் தாங்காமல் குனிந்து குனிந்து தன் உயரத்தைக் குறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தோளில் தூங்கிய குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். "இது நெசமாங்க?" என்று கேட்டை நோக்கிச் சத்தமாகக் கேட்டார். வரிசையில் இன்னும் சிலர் கேட்டார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் போனைத் தூக்கிப் பேனரைப் படம் எடுத்தார்கள்.

வாசனை முதலில் வெளியே வந்தது. சென்ட் சார் பேனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேயறைந்தது போல நின்றார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பேனரின் கீழ்க் கயிற்றை இழுத்தார். அது ஒரு பக்கம் மட்டும் கழன்று மடிந்துகொண்டது. முன்வரிசை, மேடம், டாக்டர் வீட்டுப் பையன் எல்லாம் மடிப்புக்குள் போய்விட்டார்கள். பின்வரிசை மட்டும் தொங்கியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேடம் வந்தார். அதே இரக்கமான முகம். "என்னம்மா இது, இப்படி ரோட்ல நின்னுக்கிட்டு? உள்ள வாங்க. டீ சாப்ட்டுக்கிட்டே பேசுவோம்."

கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது. அவள் அதை நிறுத்தினாள். அந்த அறைக்குள் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மெத்தை நாற்காலியின் விளிம்பில் உட்காருவாள். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்துவாள். மறுபடி நன்றி சொல்லிவிட்டு வருவாள்.

"டீ வேணாம் மேடம். இங்கயே பேசலாம்."

"உங்க நல்லதுக்குத்தானேம்மா..."

"வீட்ல சொல்லிக்குடுக்க யாரு இருக்கான்னு கேட்டீங்க. யாரும் இல்ல மேடம். இருந்தா உங்ககிட்ட ஏன் அனுப்பறேன்? இதைக் கேக்க எனக்கு அன்னைக்கு வாய் வரல. இப்ப கேக்கறேன். பதில் சொல்லுங்க."

மேடம் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து, "சரி, உங்க பொண்ணு பேரை மட்டும் சேத்துடறேன். இத்தோட விடுங்க" என்றார்.

இதற்குத்தானே வந்தாள்? தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. மகள் பரீட்சை எழுதுவாள். மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றி அவளுக்கென்ன? அப்படித்தான் மேடமும் நினைத்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. உன் பிள்ளை உள்ளே வந்தால் உனக்குப் போதும் என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பதும் இவர்கள்தான்.

"சத்தமா சொல்லுங்க மேடம்" என்றாள். "பின்வரிசைக்குக் கேக்கல."

"அம்மா, இதோ பாருங்க..."

"ஏழு பேரு மேடம். அந்த ஏழு வெள்ளையும். அயர்ன்காரர் பையன் வரைக்கும். இல்லன்னா இன்னைக்கு முழுக்க நான் இங்கதான் நிப்பேன். வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதையே சொல்லுவேன். வேலை வேற போயாச்சு, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல." சொல்லி வாய் மூடவில்லை, பைக்குள் போன் அடித்தது. முதலாளிதான். அவள் எடுக்கவில்லை.

மேடம் வரிசையைப் பார்த்தார். தூக்கிப் பிடித்த போன்களைப் பார்த்தார். மெக்கானிக் வரிசையை விட்டு வெளியே வந்து ரப்பர் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் விட்ட இடத்தைப் பின்னால் நின்றவர் பிடித்துக்கொண்டதும் உண்மைதான்.

"திங்கட்கிழமை ஏழு பேரும் வரட்டும். பேரு சேத்துடறோம்" என்றார் மேடம். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

சொல்லிவிட்டு அவர் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்றார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. எதற்காக நிற்கிறார் என்று ரப்பர் அக்காவுக்கு உடனே புரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சனியன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு நிமிர்ந்து நின்றாள். இனி பரவாயில்லை என்று நினைத்த நேரத்தில், பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ரொம்ப நன்றிங்க மேடம்."

நெட்டை. இரண்டு கையையும் கூப்பி, நெடிய உடம்பைப் பாதியாக மடித்து, மரியாதை தெரிந்த பெண்ணாக நின்றிருந்தாள். மேடம் சிரித்துத் தலையை ஆட்டினார்.

"கைய எறக்குடி" என்றாள் ரப்பர் அக்கா.

நெட்டை திருதிருவென்று விழித்தாள். கூப்பிய கை அப்படியே நின்றது. ரப்பர் அக்காதான் அந்த இரண்டு கைகளையும் பிடித்துப் பிரித்துக் கீழே இறக்க வேண்டியிருந்தது.